சுவருக்குள் போகும் சரக்கு

(மின்னியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்)



பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் நம் தெருவில் நமக்கு ஒரு பதவி கிடைத்துவிடும். யார் வீட்டில் ஃபேன் நின்றாலும், மோட்டார் ஓடாவிட்டாலும், "நம்ம பையன் டிப்ளமோ படிக்கிறானே, அவனைக் கூப்பிடுங்க" என்பார்கள். நமக்கோ அப்போதுதான் ஓம் விதி நடந்துகொண்டிருக்கும்! ரிப்பேர் வேலையிலாவது தப்பித்துவிடலாம். ஆனால் "மாடியில ஒரு ரூம் எடுக்கிறோம், என்ன வயர் வாங்கலாம், எந்தக் கம்பி நல்லது, நீ கூட வாயேன்" என்று கடைக்கு அழைத்துப் போனால் தப்பிக்க முடியாது. அங்கே நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் தன் சேமிப்பை எடுத்துக் கல்லாவில் வைக்கிறது.

எனவே இந்த ஆண்டு மலரில் கவிதை எழுதாமல், வீட்டு வேலைக்குச் சாமான் வாங்குவது எப்படி என்று எழுதத் துணிந்தேன். படித்தது பாதி, கடைத்தெருவில் பார்த்தது பாதி.

இரண்டே கேள்விகள்

கடைக்குள் நுழையும் முன் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று: நாளைக்கு இதை மாற்ற வேண்டுமென்றால் எதை உடைக்கணும்? இரண்டு: இது கெட்டுப்போனால் போவது பொருளா, ஆளா?

பல்பை மாற்ற ஒன்றையும் உடைக்க வேண்டாம். ஸ்டூல் போட்டு ஏறினால் போதும். சுவிட்சை மாற்ற இரண்டு திருகாணி. ஃபேனுக்கு அரை மணி நேரம். ஆனால் சுவருக்குள் போன வயரை மாற்றுவது பெரிய பாடு. பைப் அடைத்திருந்தால் பூச்சையே பெயர்க்க வேண்டும். தண்ணீர்க் குழாய் கசிந்தால் பாத்ரூம் டைல்ஸ் போகும். கான்கிரீட்டுக்குள் போன கம்பியை மாற்ற வேண்டுமென்றால் வீட்டையே உடைக்க வேண்டும். அதாவது, மாற்ற முடியாது.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகும் சரக்கில்தான் நாம் நல்ல காசு போட வேண்டும். நம் ஊரில் நடப்பதோ தலைகீழ். ஹாலுக்கு இத்தாலி மார்பிள் மாதிரி டைல்ஸ், தங்கக் கோடு போட்ட சுவிட்ச் பிளேட், கூரையில் கலர் லைட். உள்ளே போகிற வயர் மட்டும், "எல்லாம் வயர்தானே, குறைச்சு வாங்குப்பா." சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பெரியவர்கள் சொன்னது சித்திரக்காரனுக்கு மட்டும் இல்லை, வீடு கட்டுகிறவனுக்கும்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஐ.எஸ்.ஐ.

நம் தரமணி சி.ஐ.டி. வளாகத்து நான்காம் குறுக்குச் சாலையில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது, சோதனைக்கூடமும் அங்கேயே. டீ குடிக்கப் போகும் வழியில் போர்டைப் பார்த்திருப்பீர்கள். 1947-ல் இந்தியத் தர நிறுவனம், அதாவது ஐ.எஸ்.ஐ., என்ற பெயரில் தொடங்கியது. 1987 ஏப்ரல் 1 முதல் பி.ஐ.எஸ். என்று ஆனது. நிறுவனத்தின் பெயர் மாறினாலும் முத்திரையின் பெயர் மாறவில்லை. இன்றும் கடையில் போய் "ஐ.எஸ்.ஐ. இருக்கா?" என்றுதான் கேட்கிறோம்.

கேட்பது சரி. பார்ப்பதுதான் சரியில்லை. முத்திரைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறோம். படத்தை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம். நம் வளாகத்து பிரிண்டிங் கல்லூரி நண்பர்களைக் கேளுங்கள்! பார்க்க வேண்டியவை படத்துக்கு மேலும் கீழும் இருக்கின்றன. மேலே இருப்பது ஐ.எஸ். எண்: எந்தத் தரநிலைப்படி செய்யப்பட்ட பொருள் என்பது. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்: எந்தத் தொழிற்சாலைக்கு அனுமதி என்பது. இந்த இரண்டும் இல்லாத முத்திரை வெறும் படம்தான்.

லைசென்ஸ் எண் இருந்தாலும் அது உண்மையா என்று எப்படித் தெரியும்? முன்பு இதற்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். இப்போது 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலி இருக்கிறது. எண்ணைத் தட்டினால் கம்பெனியின் பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கு அனுமதி, அனுமதி உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் வரும். காயிலின் மேல் ஒரு பெயரும் செல்போனில் வேறு பெயரும் வந்தால், காயிலை மரியாதையாகக் கீழே வைத்துவிடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர் போன்றவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடாதீர்கள். அவற்றுக்கு வேறு பதிவு முறை. 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். அதையும் அதே செயலியில் பார்க்கலாம்.

நாம் அடிக்கடி வாங்கும் சாமான்களுக்கான எண்கள் சில: வீட்டு வயருக்கு ஐ.எஸ். 694. சுவிட்சுக்கு 3854. பிளக், சாக்கெட்டுக்கு 1293. ஆர்.சி.சி.பி.க்கு 12640. முறுக்குக் கம்பிக்கு 1786. குடிதண்ணீர் பிவிசி குழாய்க்கு 4985. தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட்டுக்கு 710. செமஸ்டருக்கு எத்தனையோ எண்களை மனப்பாடம் செய்கிறோம். இவை ஆயுசுக்கும் உதவும்.

வயர்: தூக்கிப் பார், சுரண்டிப் பார், அளந்து பார்

என் சித்தப்பா கானகத்தில் தன் வீட்டு மாடியில் ஒரு அறை எடுத்தார். வயர் வாங்கப் பாரிமுனைக்கு என்னையும் கூட்டிப் போனார். கடைக்காரர் இரண்டு காயில்களை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டிலும் 1.5 சதுர மில்லிமீட்டர், 90 மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. விலையில் மட்டும் ஏகப்பட்ட வித்தியாசம். "ரெண்டும் ஒன்னரை ஸ்கொயர்தான் சார், கம்பெனி பேருக்குத்தான் காசு" என்றார். நான் இரண்டையும் ஒவ்வொரு கையில் தூக்கிப் பார்த்தேன். தராசே தேவைப்படவில்லை. இருந்தாலும் சித்தப்பாவுக்காகத் தராசில் வைக்கச் சொன்னேன். ஒன்று ஒன்றேமுக்கால் கிலோவைத் தாண்டியது. மற்றது ஒரு கிலோவில் தட்டுத்தடுமாறி நின்றது!

இதில் மாயம் ஏதுமில்லை, முதலாண்டுக் கணக்குதான். 1.5 சதுர மி.மீ. குறுக்குப் பரப்பு, 90 மீட்டர் நீளம் என்றால் கன அளவு 135 கன சென்டிமீட்டர். செம்பின் அடர்த்தி 8.96. பெருக்கினால் சுமார் 1.2 கிலோ செம்பு. தரநிலை எடையைக் கட்டுப்படுத்துவதில்லை, மின்தடையைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஆகவே நல்ல கம்பெனி சரக்கிலும் செம்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனாலும் ஒரு கிலோவுக்குக் கீழே போகாது. அதன்மேல் பிவிசி உறை வேறு இருக்கிறது. ஆக மொத்தம் ஒன்றரைக் கிலோகூட இல்லாத காயில் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: நீளம் குறைவு, தடிமன் குறைவு, அல்லது உள்ளே இருப்பது செம்பே இல்லை. 2.5 ஸ்கொயர் வயருக்கு இதே கணக்கைப் போட்டால் செம்பு மட்டும் 2 கிலோ வரும்.

செம்பு இல்லையென்றால் வேறென்ன? அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய வகை ஒன்று நடமாடுகிறது. வெளியே பார்த்தால் நல்ல சிவப்பு. முனையில் ஒரு இழையைப் பிரித்துக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். செம்பானால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்புத்தான். நல்ல கடைக்காரர் சுரண்ட அனுமதிப்பார். அனுமதிக்காதவரிடம் "சரிங்க, அப்புறம் வரோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது பரீட்சை நம் லேபில் செய்யக்கூடியது. 1.5 ஸ்கொயர் வளையும் வகை வயரின் மின்தடை 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 13.3 ஓமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அப்படியானால் 90 மீட்டர் காயிலுக்கு ஏறக்குறைய 1.2 ஓம். நம்மூர் வெப்பத்தில் கொஞ்சம் ஏறி 1.25 வரை காட்டலாம். காயிலைப் பிரிக்கவே வேண்டாம். இரண்டு முனையும் வெளியேதான் இருக்கும். வீட்ஸ்டன் பாலத்தை எதற்காகப் படிக்கிறோம் என்று கேட்ட தோழர்களே, இதற்காகத்தான்! மல்டிமீட்டரில் அளந்தால், அதன் இரண்டு ஒயர் முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நல்ல வயரையும் கெட்டது என்று சொல்லிவிடுவோம்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். நீளத்தில் ஏமாற்றியிருந்தால் மின்தடை குறைவாகத்தான் வரும். பார்க்க நல்ல வயர் போலவே இருக்கும். ஆகவே எடை, மின்தடை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வயரின் மேலேயே மீட்டர் கணக்கு அச்சிட்டிருந்தால் தொடக்க எண்ணையும் கடைசி எண்ணையும் கழித்துப் பார்த்தால் தீர்ந்தது.

"கொஞ்சம் மின்தடை கூடினால் என்னப்பா குடிமுழுகிவிடும்?" என்று வீட்டில் கேட்பார்கள். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பெருக்கியதற்குச் சமம் என்பது நாம் அறிந்ததே. மேற்படி நல்ல காயில் முழுவதிலும் 10 ஆம்பியர் ஓடினால் 120 வாட் வெப்பம் உண்டாகும். மின்தடை ஒன்றரை மடங்கானால் 180 வாட். வயர் வெளியே தொங்கினால் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். சுவருக்குள் ஒரே குழாயில் ஆறு வயரை நெருக்கித் திணித்தால் அந்தச் சூடு எங்கே போகும்? சாதாரண பிவிசி உறை 70 டிகிரிவரைதான் தாங்கும். அதற்கு மேல் போகப் போக இறுகும், வெடிக்கும், ஒருநாள் இரண்டு வயரும் உள்ளே தொட்டுக்கொள்ளும். மறுநாள் பேப்பரில் "மின்கசிவு காரணமாகத் தீ" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குப் பின்னால் இப்படி ஒரு காயிலும் இருந்திருக்கலாம்.

எதற்கு எந்த வயர்? லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் தாராளம். அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், கீசர் போடும் பவர் பாயிண்டுக்கு 2.5. ஏ.சி.க்குத் தனி லைனாக 4. கீசர் 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். அதே லைனில் இன்னொரு பிளக் பாயிண்டைக் கோக்க வேண்டாம்.

ட்ரிப்பர்: வயரைக் காப்பது ஒன்று, உயிரைக் காப்பது ஒன்று

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் குழப்பம். எம்.சி.பி.யை மாட்டிவிட்டு, "ட்ரிப்பர் இருக்கு, ஷாக் அடிக்காது" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். எம்.சி.பி. காப்பது வயரைத்தான். 10 ஆம்பியர் எம்.சி.பி. 10 ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். ஆனால் மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியர் அளவில் ஓடினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு! மனிதன் துடித்துக்கொண்டிருக்கும்போது எம்.சி.பி. "எனக்கு லோடு சரியாகத்தானே இருக்கு" என்று சும்மா இருக்கும்.

உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. அதன் வேலை எளிமையானது. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று ஒரு வளையத்தின் வழியே ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். சமமில்லை என்றால் பாக்கிக் கரண்ட் வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனிதனின் வழியாக, பூமிக்குப் போகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். 100, 300 என்று எழுதியவையும் கடையில் இருக்கும். அவை தீத்தடுப்புக்கு உதவுமே தவிர ஆளைக் காக்கப் போதாது.

இதற்கும் எல்லை உண்டு. ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், இதன் பார்வையில் அவர் ஒரு பல்பு மாதிரிதான், துண்டிக்காது. ஓவர்லோடையும் இது பார்க்காது. ஆகவே எம்.சி.பி.யும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். மாமியாரும் மருமகளும் போல ஒன்றின் வேலையை மற்றது செய்யாது!

எம்.சி.பி. வாங்கும்போது அதன் ஆம்பியர் வயருக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். 1.5 ஸ்கொயருக்கு 6 அல்லது 10, 2.5-க்கு 16, 4-க்கு 20 அல்லது 25 என்பது வீட்டு வயரிங்கில் வழக்கம். "அடிக்கடி விழுது, 32 போட்டுடுங்க" என்பது பழைய ஃபியூஸ் கேரியரில் தடித்த கம்பியைச் சுற்றுவது போன்ற காரியம். எம்.சி.பி. விழாது, வயர்தான் எரியும். எண்ணுக்கு முன்னால் பி, சி, டி என்று ஆங்கில எழுத்து இருக்கும். பி வகை 3 முதல் 5 மடங்கு கரண்டிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனே விழும். லைட்டுக்கு பி, ஸ்டார்ட் ஆகும்போது ஒரு இழுப்பு இழுக்கும் மோட்டார், ஏ.சி.க்கு சி. டி வகை வீட்டுக்கு வேண்டாம்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி நேராகக் கொடுத்துவிட்டுப் போவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது விழுந்தால் எங்கோ கசிகிறது, அல்லது இரண்டு லைனின் நியூட்ரல்களை ஒன்றாக முடிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காய்ச்சல் காட்டுகிறதே என்று தெர்மாமீட்டரை உடைப்பார்களா? அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

எர்த்: மூன்றாவது கால்

மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக. இவ்வளவு யோசித்துச் செய்த பின்னை, இரண்டு பின் அடாப்டரில் செருகி நாம் வீணாக்குகிறோம். அடாப்டர் வாங்கும் காசை மிச்சம் பிடித்து, போர்டில் ஒரு நல்ல சாக்கெட்டைப் போடுங்கள்.

எர்த் குழிக்கு இரும்புக் குழாய் வாங்கினால், கால்வனைஸ் செய்தது, 40 மி.மீ. விட்டம், இரண்டரை மீட்டருக்குக் குறையாத நீளம் என்று பார்த்து வாங்குங்கள். குழிக்குள் போய் மண்ணை மூடியபின் அரைக் குழாய் போட்டாலும் தெரியாது. அதனாலேயே அரைக் குழாய் போடுகிறார்கள். அன்று யாராவது ஒருவர் குழிக்குப் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். நம் பகுதி கடலுக்குப் பக்கம். உப்பு மண்ணில் குழாயும் இணைப்பும் சீக்கிரம் அரிக்கும். குழிக்கு மூடி போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை இணைப்பைத் திறந்து பார்க்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் லாம்பு எரிந்துவிட்டது என்பதற்காக எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். லாம்பு எரியக் கொஞ்சம் கரண்ட் போதும். எர்த் மெக்கரில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது நமக்குத் தெரியும். தாழ்வான பகுதியில் கீழ்த்தளத்துக்கு வயரிங் செய்தால் பிளக் பாயிண்டுகளை முழங்கால் உயரத்தில் வைக்காமல் மேலே ஏற்றுங்கள். கீழ்த்தளத்துக்குத் தனி எம்.சி.பி. போடுங்கள். தண்ணீர் வருகிறது என்றால் கீழே மட்டும் அணைத்துவிட்டு மாடியில் வெளிச்சத்தோடு இருக்கலாம். இதற்குச் செலவு அதிகமில்லை. பூசுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிவில் தோழர்களுக்கு உரியது

கம்பியைப் பற்றிச் சிவில்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு சூத்திரம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 8 மி.மீ. கம்பிக்கு 0.395, 10-க்கு 0.617, 12-க்கு 0.889, 16-க்கு 1.58. பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ இருக்க வேண்டும். 10 மி.மீ. வரை 7 சதவீதமும், அதற்கு மேல் 16 வரை 5 சதவீதமும் கூடுதல் குறைவுக்கு அனுமதி உண்டு. அதையும் தாண்டிக் குறைந்தால், எஞ்சினியர் வரைந்த கம்பி வேறு, நீங்கள் வாங்கிய கம்பி வேறு. கம்பியின் உடம்பிலேயே கம்பெனிப் பெயரும் தரமும் புடைப்பாக இருக்க வேண்டும். நுனியில் கட்டிய அட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.

சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டது வேண்டாம். மழைக்காலத்தில் நம் கடற்கரைக் காற்றில் அதற்கு முன்பே கட்டி தட்டிவிடும். மூட்டைக்குள் கையை விட்டால் குளிர்ச்சியாக, மாவு போல் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததைச் சுவரை ஒட்டாமல், தரையில் பலகை போட்டு அடுக்குங்கள். தண்ணீர்க் குழாயில், கீசரிலிருந்து வரும் லைனுக்கு சி.பி.வி.சி. மட்டுமே. சாதாரண பிவிசி வெந்நீரில் இளகிவிடும். "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிற பிளம்பரிடம், விலை மட்டும் ஏன் ரெண்டாக இருக்கிறது என்று கேளுங்கள்.

மிச்சம் பிடிக்கும் இடம்

இவ்வளவு செலவு சொன்னவன் மிச்சத்துக்கும் வழி சொல்ல வேண்டாமா? எதையும் உடைக்காமல் மாற்றக்கூடியதை எல்லாம் பிறகு வாங்கலாம். ஃபேன்சி லைட், பால்ஸ் சீலிங், சுவிட்சின் மேல்தட்டு, கதவின் பித்தளைக் கைப்பிடி எல்லாம் அடுத்த போனஸில் வரட்டும். ஆனால் ஃபேனை வாங்கும்போது விலையோடு வாட்டையும் பாருங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். பழைய வகை ஃபேன் 75 வாட் அளவில் எடுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் முடித்துவிடும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 197 யூனிட் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த விலை எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

பில்லும் கமிஷனும்

"பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தரேன் தம்பி" என்பார் கடைக்காரர். குறைவது அவர் கட்ட வேண்டிய வரி. தொலைவது நம் உரிமை. பில் இருந்தால்தான் வாரண்டி. பில் இருந்தால்தான் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் எளிதாக நிரூபிக்க முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சும்மா கேட்டுப் பார்க்கவும் கூப்பிடலாம். பில்லில் வெறுமனே "வயர், 5 காயில்" என்று எழுத விடாதீர்கள். கம்பெனிப் பெயர், அளவு, நீளம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, சொல்லத் தயங்கும் ஒரு விஷயம். அன்றைக்குச் சித்தப்பா நல்ல காயிலையே வாங்கினார். கிளம்பும்போது கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி டிப்ளமோவா? அடுத்த தடவை பார்ட்டியைக் கூட்டிட்டு வாங்க, உங்களுக்கு உண்டானதைப் பார்த்துச் செய்றேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தத் தொழிலில் அது வழக்கம். எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் மேஸ்திரிக்கும் கடை ஒரு பங்கு கொடுக்கிறது. கூலியை வாய் கூசாமல் பேரம் பேசிக் குறைக்கிறோம். அவர்கள் குறைந்ததைக் கடையில் ஈடுகட்டுகிறார்கள். எனவே நான் சொல்வது இதுதான்: கூலியை நியாயமாகப் பேசி முழுசாகக் கொடுங்கள், சாமானை நீங்களே வாங்குங்கள். அப்போது வேலைக்காரருக்கு மட்டமான சரக்கைப் பரிந்துரைக்கும் அவசியம் இல்லாமல் போகிறது.

இது மற்றவர்களைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. இன்னும் சில வருஷத்தில் நம்மில் பலர் சைட் சூப்பர்வைசர்கள்; சிலர் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் மேற்பார்வையாளர் சான்று வாங்கி, "வயரிங் சரியாக உள்ளது" என்று கையெழுத்துப் போடப் போகிறவர்கள். அன்று கடைக்காரர் நம்மையும் தனியே கூப்பிடுவார்.

சட்டைப் பையில் வைத்துக்கொள்ள

1. எதை உடைத்தால் மாற்றலாம் என்று கேள். உள்ளே போவதற்கு முதல் செலவு.
2. முத்திரைப் படத்தைப் பார்க்காதே, ஐ.எஸ். எண்ணையும் லைசென்ஸ் எண்ணையும் பார்.
3. 90 மீட்டர் 1.5 ஸ்கொயர் காயில்: ஒன்றரைக் கிலோவுக்கு மேல், 1.2 ஓம் அளவில்.
4. ஒரு இழையைச் சுரண்டு. உள்ளேயும் சிவப்பாக இருக்க வேண்டும்.
5. எம்.சி.பி. வயருக்கு; 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உயிருக்கு.
6. எர்த் குழி மூடும்போது பக்கத்தில் நில்.
7. கம்பிக்கு விட்டத்தின் வர்க்கம் வகுத்தல் 162.
8. சிமெண்ட் மூட்டையில் வாரத்தைப் படி.
9. வெந்நீருக்கு சி.பி.வி.சி.
10. பில் இல்லாமல் வாசல் தாண்டாதே.

தோழர்களே, சுவரைப் பூசி, வெள்ளையடித்து, கிரகப்பிரவேசம் முடிந்தபின் உள்ளே இருப்பது என்ன என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. வாங்கிக் கொடுத்த நமக்கு மட்டும்தான் தெரியும். அந்த வீட்டில் ஒரு குழந்தை ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும்போது நம்மை யாரும் நினைக்க மாட்டார்கள். நினைக்கும்படி ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் நாம் படித்த படிப்புக்கு மரியாதை.